முள் திரும்பும் பக்கம்

ஜூன் 12

சுண்டுவின் அப்பாவுக்கு,

நேற்று ஒரே நாளில் அக்காவின் போனுக்கு நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று அவள் எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து எடுத்து, கடைசியில் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்ததுதான் மிச்சம். என் எண்ணில் உங்களைத் தடுத்து வைத்திருப்பது தெரிந்துதான் அவளைப் பிடித்திருக்கிறீர்கள். இனி அது வேண்டாம். சொல்ல இருப்பதைக் கடிதமாக எழுதுங்கள். போனில் என்றால் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள். நான் பாதியில் அழுதுவிடுவேன். அதையே ஜெயித்ததாக எடுத்துக்கொள்வீர்கள். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது.

சுண்டுவின் உடம்பு சம்பந்தப்பட்ட அவசரம் என்றால் மட்டும் அக்காவுக்கோ மாமாவுக்கோ போன் செய்யலாம். அதற்கு எந்த நேரமும் தடையில்லை. வேறு எதற்கும் கூடாது.

என்ன நடந்தது என்பதில் உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருப்பதாக அக்கா சொன்னாள். எனக்கு இல்லை. பிறந்ததிலிருந்தே தலையில் நீர் சேரும் குழந்தை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, வால்வுக்குள் மிளகளவு ஒரு காந்தச் சக்கரம். அந்தச் சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான் நீர் வடியும். பக்கத்தில் காந்தம் வந்தால் சக்கரம் நகர்ந்துவிடும் என்று டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். காந்தப் பட்டறைக்காரரான நீங்கள் சிரித்தீர்கள். "காந்தத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா டாக்டர்" என்று கேட்டீர்கள்.

அப்படிக் கேட்டவர்தான், உறவுக்காரர் வீட்டிலிருந்து திரும்பும்போது தூங்கிப்போன குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தீர்கள். அவள் தலை உங்கள் சட்டைப்பைமேல். பைக்குள் உங்கள் சோதனைக் காந்தம், என் நகப்பாலிஷைத் திருடிச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டீர்களே, அது. ஓரிரு நாளில் அவளுக்கு வாந்தி, கண் சொருகல். எக்ஸ்ரேயில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. டாக்டரம்மா அதைத் திருப்பி வைக்கும்வரை நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

இங்கே அக்கா வீட்டு வாசலில், செருப்பு அலமாரியின் மேல், ஒரு திசைகாட்டி வைத்திருக்கிறேன். உள்ளே வரும் யாரும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் வர வேண்டும். முள் ஆடினால் வெளியே. மாமாகூடத் தினமும் சாயங்காலம் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். சுண்டுதான் காவல். பள்ளியில் அவள் வகுப்பும் என் வகுப்பும் ஒரே கட்டடம். ஆகவே நாள் முழுவதும் என் கண்ணுக்குள்தான் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள். அப்படியே இருக்க விடுங்கள்.

சுண்டுவின் அம்மா


ஜூன் 20

டீச்சருக்கு,

எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. கல்யாணம் ஆனதிலிருந்து நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இப்படி ஒரு காரணத்துக்காக எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

சட்டைப்பையில் காந்தத்தோடு குழந்தையைத் தூக்கியது உண்மை. இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அதனால்தான் சக்கரம் நகர்ந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்றுதான் கேட்டேன். டாக்டரம்மாவே "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். உனக்கு "இருக்கலாம்" என்ற வார்த்தையே ஆகாது. உன்னிடம் இருப்பது சரி, தப்பு என்ற இரண்டே குறிதான்.

அந்தச் சோதனைக் காந்தம் இல்லாமல் எங்கள் பட்டறையில் ஒருவரும் வேலை செய்ய முடியாது. காந்தத் தண்டைக் கண்ணால் பார்த்தால் எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் தெற்கு என்று தெரியாது. சோதனைக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் இழுக்கும், இல்லை தள்ளும். அதை வைத்துத்தான் புள்ளி வைப்போம். ஒரே ஒரு தண்டைத் திருப்பிப் பொருத்திவிட்டால் நாங்கள் செய்யும் காந்த வளையமே கெட்டது. இரண்டு தண்டுக்கு நடுவில் விரல் மாட்டினால் விரல் நம்முடையது இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் எல்லோரும் அதைப் போட்டுவிட்டுப் போவோம். அன்று போட மறந்தேன். ஒரு நாள். அதற்காக நீ எனக்குக் கொடுத்திருக்கும் தண்டனைக்குத்தான் முடிவு தேதியே தெரியவில்லை.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். மூடிய மருந்துக் கலத்துக்குள் கிடக்கும் கலக்கியை வெளியிலிருந்தே சுற்றவைக்க நாங்கள் காந்த வளையம் செய்கிறோம் அல்லவா, அதையே ஒரு தலை நுழையும் அளவுக்குச் செய்ய முடியுமா என்று டாக்டரம்மா எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறார். வேலை என் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை வால்வைத் திருத்த ஒற்றைக் காந்தத்தைத் தோலில் வைத்து அழுத்துகிறார்கள். அது சக்கரத்தைத் திருப்பும், கூடவே இழுக்கவும் செய்யும். கை கொஞ்சம் வழுக்கினால் சக்கரம் வேறு எங்காவது போய் நிற்கும். வளையத்தில் எட்டுத் தண்டு, தண்டுக்கு ஒரு மோட்டார். எட்டும் சேர்ந்து கணக்காகச் சுற்றினால் நடுவில் இருக்கும் சக்கரம் இருந்த இடத்திலேயே திரும்பும். இழுப்பு இல்லை, எதுவும் எதையும் தொடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்டுகள் வலப்பக்கம் சுற்றினால் நடுவில் இருப்பது இடப்பக்கம் திரும்பும். நம் குடும்பத்தைப் பார்த்துச் செய்தது போல இருக்கிறது.

என் சட்டைப்பைகள் எல்லாவற்றையும் தைத்து மூடிவிட்டேன். என் தையல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மதியம் வருகிறேன். சுண்டுவைப் பார்க்க மட்டும்தான். உன் திசைகாட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன்.

தையல்காரன்


ஜூலை 6

சுண்டுவின் அப்பாவுக்கு,

நேற்று உங்களை வாசலோடு அனுப்பியதிலிருந்து அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த மனுஷன் வெயில்ல நின்ன கோலத்தப் பாத்தியாடி" என்று கேட்டாள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு நீங்கள் அதை வேறு மாதிரி சொல்லக் கூடாது. அரை நாள் பள்ளி முடிந்து நானும் சுண்டுவும் அப்போதுதான் வந்திருந்தோம். நீங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்த்ததும் அவளை உள்ளே போகச் சொன்னேன். தோளில் கிடந்த கைப்பையைக்கூட இறக்கி மாட்டாமல் திசைகாட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீட்டினேன். முள் இருந்த இடத்தை விட்டுத் திரும்பிப்போய் நின்றது. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்ல டீச்சர், வேணும்னா சோதிச்சுப் பாரு" என்று கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். நடுத்தெருவில் உங்களை நான் தடவிப் பார்க்க வேண்டுமா? அதற்குத்தான் அந்த முள் இருக்கிறது. அது சொல்லிவிட்டது. பட்டறையிலிருந்து என்னத்தையோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தெரிந்தே வந்தீர்களோ தெரியாமல் வந்தீர்களோ, அது என் கவலை இல்லை. முதல் தடவையும் மறதி என்றுதான் சொன்னீர்கள்.

சுண்டு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே வந்ததும், "அப்பா பொய் சொல்றாராம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மின்காந்தம் என்றால் சுவிட்சை அணைத்தால் முடிந்தது, நிலைக்காந்தத்துக்கு அணைப்பே கிடையாது என்று நீங்கள் அடிக்கடி பெருமையாகச் சொல்வீர்கள். என் கோபமும் அந்த இனம்தான். இந்த வருடம் முடியும்வரை வர வேண்டாம்.

சுண்டுவின் அம்மா


ஜூலை 14

டீச்சருக்கு,

கோபத்தில் எழுதக் கூடாது என்று தள்ளிப்போட்டுப் பார்த்தேன். கோபம் குறைவதாகக் காணோம், எழுதிவிடுகிறேன்.

அன்று என் உடம்பில் உலோகம் என்று எதுவுமே கிடையாது. பெல்ட்டுக்குப் பதில் ஒரு நாடாவைக் கட்டியிருந்தேன். கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்தேன். சாவியையும் போனையும் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்ட கடைக்காரரிடம் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன். போட்டிருந்தது புதுச் சட்டை. பையே இல்லாத சட்டையாக வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. பட்டறை வாசலைக்கூடப் பார்க்காத சட்டை. முள் திரும்பியதை நானும் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பாதி ஆயுசைக் காந்தத்தோடு கழித்தவன், ஒரு விளையாட்டுச் சாமான் முள் ஏன் திரும்பியது என்று சொல்லத் தெரியாமல் பேருந்தில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருக்க மாட்டேனா?

மாடியில் சகலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் துணி காயப்போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். குழந்தை கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னாயே. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பிறகு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் மகளுக்கு நான் ஒரு பொய்யன் என்று நீயே சொல்லிக்கொடுத்துவிட்டாய். அன்று நான் சொன்னது நிஜம் என்று என்றைக்காவது தெரியவந்தால் அவளிடம் போய் என்ன சொல்வாய்? இதை எழுத்தில் கேட்டு வைக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

வளையம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்குள்ள ஆட்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பெரியவர்கள் சிலருக்கு வால்வைத் திருத்திப் பார்த்தார்கள். தலை உள்ளே போகும்போது எட்டுத் தண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் நடுவில் காந்தமே இல்லாதது போல் ஆகிவிடும். பிறகு ஒவ்வொன்றும் தன் கோணத்துக்குத் திரும்பிக்கொள்ளும், அப்போதுதான் வேலை நடக்கும். வேலை முடிந்த பிறகு ஒரு அம்மா, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சில சின்னத் திருத்தங்களுக்காகத் திரும்பப் பட்டறைக்கு வந்திருக்கிறது. உன்னிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை.

பொய்யன்


ஜூலை 28

சுண்டுவின் அப்பாவுக்கு,

பை இல்லாத சட்டையின் வரலாற்றைப் படித்தேன். நிஜமோ என்னவோ, எனக்குத் தெரியாது. முள்ளுக்கு யாரிடமும் வாதாடத் தெரியாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த குணம்.

முள் என்றதும் ஞாபகம் வருகிறது. சாயங்காலமானால் சுண்டு செருப்பு அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தத் திசைகாட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அக்காவிடம் சொல்கிறாள்: "பெரியம்மா, அம்மா வீட்ல இருந்தா முள்ளு ஒரு பக்கமா திரும்பியே இருக்கு. அம்மா கடைக்குப் போனா நேராயிடுது. அம்மா வந்து பைய மாட்டினதும் திரும்பத் திரும்பிக்குது. முள்ளுக்கு அம்மான்னா உசுரு போல." அக்கா சிரித்த சிரிப்பில் மாமா எழுந்து வந்துவிட்டார். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று ஒரு ஊசிக்குத் தெரிந்திருக்கிறது. இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை. பள்ளியில் தேர்வுத்தாள் குவிந்து கிடக்கிறது. சுண்டு கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறாள், விளையாட்டுப் புத்தி. சாயங்காலம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் என் மடியில் இருக்கும் கைப்பைமேல் தலை வைத்துத் தூங்கிவிடுகிறாள். இறங்கும் இடம் வந்தால் எழுப்பவே மனம் வருவதில்லை. முன்பு உங்கள் தோளில் தூங்குவாள். இப்போது என் மடி அவளுக்குப் பழகிவிட்டது.

சுண்டுவின் அம்மா


ஆகஸ்ட் 2

டீச்சருக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் சந்தோஷமாக இருக்கிறேன். பட்டறையில், "என்ன சார், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ அவசரப்படாமல், உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்.

முள்ளுக்கு யார்மேலும் உயிர் கிடையாது டீச்சர். அதற்குத் தெரிந்தது காந்தம் ஒன்றுதான். நீ வீட்டில் இருந்தால் திரும்புகிறது, வெளியே போனால் நேராகிறது என்றால், நீ போகும்போது கூடவே போய், வரும்போது கூடவே வரும் ஒரு காந்தம் உன்னிடம் இருக்கிறது. அலமாரிமேல் திசைகாட்டி. நீ மாட்டும் கொக்கி அதற்கு நேர் மேலே. கொக்கியில் உன் கைப்பை. அந்தப் பையின் மூடியைக் கீழே விட்டால் டப்பென்று தானாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டப் பொத்தான் இருக்கிறதே, அது என்ன என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறாயா? வகுப்பில் பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் நடத்தும்போது அது உன் மேசைமேலேயேதான் இருந்திருக்கும்.

இனி ஜூலை மாதத்துக்கு வருவோம். "தோளில் கிடந்த கைப்பையைக்கூட இறக்கி மாட்டாமல்" வந்தேன் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அன்று முள் திரும்பியது என் பக்கமா, உன் தோள் பக்கமா என்று யோசித்துப் பார். எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அது உன்னைத்தான் காட்டியது. நடுத்தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது நான்.

அதற்கும் முன்னால் போவோம். அந்தப் பையை எப்போது வாங்கினாய்? போன வருடம் பள்ளி திறந்த சமயம். சுண்டுவுக்கு முதல் தடவை முடியாமல் போனது அதற்குப் பிறகு. அப்போதும் அவள் தினமும் உன்னோடுதான் பேருந்தில் வந்தாள். அப்போதும் தூங்கியிருப்பாள். என் சட்டைப்பையில் அவள் தலை இருந்தது ஒரே ஒரு நாள், அதுவும் நடந்து வரும் தூரம். உன் பைமேல் எத்தனை நாள்? டீச்சர் நீதான், கணக்குப் போட்டுப் பார். "இருக்கலாம்" என்ற வார்த்தையை இப்போது உன் பக்கத்தில் எழுதிக்கொள்.

புரிவதற்காகப் படம் வரைந்து இணைத்திருக்கிறேன். நீலம் திசைகாட்டி, சிவப்பு பொத்தான், அம்புக்குறி முள் திரும்பும் பக்கம். கீழே இருப்பது பேருந்து இருக்கை.

சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தேன். பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது. சுண்டுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பா அன்று பொய் சொல்லவில்லை என்று சொல். முழுவதையும் சொல். பிறகு எனக்கு எழுது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டுவேன்.

அந்தப் பையைத் தூக்கி எறி. டாக்டரம்மாவிடம் ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிடு.

பொய் சொல்லாதவன்


ஆகஸ்ட் 8

டீச்சருக்கு,

பதில் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் வட்டமிடும் கைக்குச் சொந்தத் தப்பை எழுத மை வராது. நிதானமாக எழுது, நான் எங்கும் போய்விடவில்லை.

நேற்று டாக்டரம்மா வண்டி அனுப்பி வளையத்தை அவசரமாக எடுத்துப்போகச் சொன்னார். யாரோ ஒரு குழந்தையாம். ஒற்றைக் காந்தத்துக்குச் சக்கரம் மசியவில்லையாம். குழந்தைக்கு வளையத்தை வைப்பது இதுதான் முதல் தடவை. நானும் வரட்டுமா என்று கேட்டேன். எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டுத் தண்டையும் நானே துடைத்து, ஒரே பக்கம் பார்க்க நிறுத்தி, துணி சுற்றி ஏற்றிவிட்டேன். யார் வீட்டுக் குழந்தையோ, நல்லபடியாக இருக்கட்டும். அந்த அப்பாவாவது குழந்தை பக்கத்தில் நிற்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன்.

பையை எறிந்தாயா? அதையாவது ஒரு வரியில் எழுது.

காத்திருப்பவன்


ஆகஸ்ட் 15

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகத்தான் படித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் கிடந்தன.

யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

ஐந்தாம் தேதி பள்ளி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் போய்த் தூக்கும்போது கண் மேலே போய்விட்டது. டாக்டரம்மா ஒற்றைக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். பழைய தையல் தழும்பு வீங்கியிருந்ததால் அது சரியாக உட்காரவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்து நேரத்தைத் தள்ளினார்கள். தலையைத் திறப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், திரும்பி வந்து வளையத்தைப் பற்றிச் சொன்னார். உங்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம், உங்களை வரவிட வேண்டாம் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது நான்தான். அப்போதுகூட, நீங்கள் எதையாவது ஒட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் கைப்பை அப்போது என் மடியில் இருந்தது.

வளையம் அவள் தலையைச் சுற்றி இறங்கியபோது மயக்கமும் தூக்கமுமாகக் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். தண்டுகளில் நீங்கள் வைத்த சிவப்புப் புள்ளியைப் பார்த்திருக்கிறாள். "இது அப்பாவோடது" என்றாள். தண்டுகள் சுற்றின. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எதுவும் அவளைத் தொடவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சக்கரம் சரியான இடத்தில் இருந்தது. சாயங்காலம் பால் கேட்டுக் குடித்தாள். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன். அவள் உயிரோடு இருப்பது அதனால்தான்.

பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரி. பொத்தான், கொக்கி, என் தோள், பேருந்து எல்லாமே சரி. டாக்டரம்மா கொடுத்த எச்சரிக்கைத் தாளைப் படித்துவிட்டு வீட்டில் இருந்த பொம்மை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எறிந்தவள் நான். தினமும் பத்து தடவை கையால் திறந்து மூடும் பொத்தான் என் கண்ணில் படவில்லை. என் குழந்தையை என் மடியில் வைத்தே இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு உங்களைக் குத்திக்காட்டிக் கடிதமும் எழுதியிருக்கிறேன். முதல் தடவை உங்கள் காந்தமா என் பொத்தானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அது நமக்குள் இப்படியே கிடக்கும்.

ஆனால் நான் டீச்சர். ஒரு தாளைப் பார்த்தால் அது எப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆகஸ்ட் இரண்டாம் தேதிக் கடிதத்தில் ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. உங்கள் கையெழுத்து அப்படி இருக்காது. முதலில் வேறு தாளில் எழுதி, பிறகு அழகாகப் படி எடுத்திருக்கிறீர்கள். படத்தை அளவுகோல் வைத்து வரைந்து மூன்று நிறத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். என் கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்து படித்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது என்று உங்கள் சந்தோஷமே சொல்கிறது. அவள் தினமும் அந்தப் பைமேல் தூங்குகிறாள் என்று தெரிந்தது. சாப்பாட்டை மிச்சம் வைக்கிறாள் என்றும் தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அக்காவின் எண் உங்களிடம் இருக்கிறது. மாமாவின் எண் இருக்கிறது. சுண்டுவின் உடம்பு என்றால் எந்த நேரமும் தடையில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். ஒன்றுமில்லாததற்கு ஒரே நாளில் அத்தனை தடவை அடித்த போன். "அந்தப் பையை எறியச் சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம் போதும், நான்காம் தேதி சாயங்காலம் அவள் அதன்மேல் தலை வைத்திருக்க மாட்டாள். நீங்கள் உறை வாங்கி, தபால்தலை ஒட்டி, தபாலில் போட்டீர்கள். பையை எறி என்பதைக் கடைசியில், சட்டம் போட்டு மாட்டுவதற்கும் கீழே எழுதினீர்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது. நீங்கள் தெரிந்துகொண்டு எழுதினீர்கள்.

பையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். திசைகாட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

நேற்று சுண்டுவை உட்காரவைத்து, நீங்கள் கேட்டபடியே முழுவதையும் சொன்னேன். அன்னிக்கு அப்பா பொய் சொல்லல, முள்ளு திரும்பினது அம்மாவோட பையப் பாத்துத்தான், உனக்கு முடியாமப் போனதும் அதனாலதான், ஆமான்னு சொன்னது அம்மாவோட தப்பு என்று சொன்னேன். அழாமல் சொன்னேன். அவள் என் விரலைப் பிடித்துத் திருகிக்கொண்டே கேட்டாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். அப்பாதான் கடிதத்தில் எழுதியிருந்தார் என்றேன். என் விரலை விட்டாள்.

பிறகு, "அப்ப அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

அதை அப்பாவையே கேள் என்றேன். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எந்தச் சட்டையில் வேண்டுமானாலும் வாருங்கள், வாசலில் யாரும் சோதிக்க மாட்டோம். அவள் ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேள்விக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

சுண்டுவின் அம்மா